கணக்குக் கேட்கும் உரிமை

(இணையக் காலத்தில் படைப்பாளியின் ஊதியம் குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்றொரு புலவர் இருக்கிறார். வறுமையை அவரளவுக்கு விரித்துச் சொன்னவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர், அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார். தம் தகுதியை அளந்தறிந்து கொடுப்பது சிறிதானாலும் ஏற்பேன் என்பது அவர் நிலை. இளவெளிமான் தகுதி அறியாமல் கொடுத்த சிறு பரிசிலையும் அவர் ஏற்கவில்லை. குமணனிடம் சென்று யானை பெற்றுவந்து, அதை இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிக் காட்டினார். பசித்த வயிற்றோடு நின்ற புலவர் பொருளுக்கு முன்னால் மதிப்பைக் கேட்டார்.

இன்று ஒரு பாடலாசிரியரின் வங்கிக் கணக்கில் ஒரு தொகை வந்து விழுகிறது. எந்தப் பாட்டுக்கு, எந்த நாட்டில், எத்தனை முறை கேட்டதற்கு, யார் யார் எடுத்தது போக மிச்சம் என்பது அவருக்குத் தெரியாது. நாட்டுப்புறப் பாடகிக்கோ, பக்கவாத்தியக் கலைஞருக்கோ, தொடர்கதை எழுதியவருக்கோ பல நேரம் அந்தத் தொகைகூட வருவதில்லை. அவர்கள் ஆக்கியதை லட்சக்கணக்கானோர் கேட்கிறார்கள், படிக்கிறார்கள், பகிர்கிறார்கள். ஆக்கியவர் மட்டும் அந்தப் பெருக்கத்துக்கு வெளியே நிற்கிறார்.

நான் இன்று வலியுறுத்த வந்தது ஒன்றுதான். படைப்பாளிக்கான உரிமையைப் பெரும்பாலும் சட்டம் கொடுத்துவிட்டது. கணக்கை இன்னும் யாரும் கொடுக்கவில்லை. கணக்குக் கேட்கும் உரிமை நிலைநாட்டப்படாத வரை மற்ற உரிமைகள் எல்லாம் ஏட்டில்தான் இருக்கும்.

பாரதி பாடல்கள் சொல்லும் பாடம்

புதிய கருவி ஒன்று வரும்போது படைப்பின் மதிப்பு எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு நம் வீட்டுச் சான்றே இருக்கிறது. பாரதியார் 1921-ல் மறைந்தார். செல்லம்மா பாரதி, கணவரின் எழுத்துகளைத் தாமே அச்சிட்டு விற்க முயன்றார். பிறகு நூல்களின் உரிமை பாரதியின் தம்பி சி. விசுவநாதனிடம் போனது. பாடல்களை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமை மட்டும் தனியே பிரிந்து, கைமாறி, படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. 1948-ல் வந்த 'பில்ஹணன்' படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதியின் பாட்டைப் பயன்படுத்தியபோது உரிமைச் சிக்கல் எழுந்தது. பாரதியின் பாட்டைப் பாட இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று தமிழுலகம் கொதித்தது. 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளைப் பெற்று மக்களுக்குப் பொதுவாக்கியது. மெய்யப்பச் செட்டியார் தம் வசமிருந்த உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார்.

இந்த வரலாற்றை நாட்டுடைமையின் வெற்றியாக நாம் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். அதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அச்சிடும் உரிமையின் மதிப்பு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இசைத்தட்டும் வானொலியும் நாளை என்னவாகும் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிய வழியில்லை. அந்த உரிமை தனியே கழன்று போனது. ஒவ்வொரு புதிய ஊடகமும் வரும்போது இதுவே நடந்திருக்கிறது. கிராமபோனுக்கு, வானொலிக்கு, திரைப்படத்துக்கு, கேசட்டுக்கு, ரிங்டோனுக்கு, இப்போது ஸ்ட்ரீமிங்குக்கு. கருவியின் வருங்காலம் தெரிந்தவர் ஒப்பந்தத்தை எழுதுகிறார். தெரியாதவர் கையெழுத்துப் போடுகிறார்.

1977 முதல் 2012 வரை

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்தான் இன்றுவரை நமக்கு அடிப்படை. திரைப்பாடலின் உரிமை யாருக்கு என்ற கேள்வி 1977-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி வசூலிக்க 1969-ல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ் சங்கம் ஒருபுறம், படத் தயாரிப்பாளர் அமைப்பு மறுபுறம். பணம் கொடுத்துப் பாட்டை எழுதச் சொன்ன தயாரிப்பாளரே, மாற்று ஒப்பந்தம் இல்லாத நிலையில், அதன் முதல் உரிமையாளர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தனியாகச் சில பத்திகள் எழுதினார். பாடுகிறவரின் குரலுக்கும் கலைக்கும் சட்டத்தில் இடமே இல்லையே என்று அவற்றில் வருந்தினார். நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார்.

நாடாளுமன்றம் மெதுவாகக் கவனித்தது. பாடுபவர், வாசிப்பவர், நடிப்பவர் ஆகிய நிகழ்த்துநர்களுக்கு 1994-ஆம் ஆண்டின் திருத்தத்தில் முதன்முறையாகத் தனி உரிமை கிடைத்தது. லதா மங்கேஷ்கர் 1960-களின் தொடக்கத்திலேயே பாடகர்களுக்கு ராயல்டி வேண்டும் என்று வாதாடியவர். பாடியதற்குப் பணம் வாங்கியதோடு எல்லாம் முடிந்தது என்பது முகமது ரஃபியின் கருத்து. அந்தக் கருத்து வேறுபாட்டால் சில ஆண்டுகள் இருவரும் சேர்ந்து பாடவே இல்லை. இருவருமே பெரிய கலைஞர்கள், நேர்மையானவர்கள். ஒரே துறையில் இருந்த அந்த இருவருக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருந்தது என்றால், அந்தக் கேள்வி எவ்வளவு புதியது என்பதை நாம் உணரலாம்.

பெரிய மாற்றம் 2012-ல் வந்தது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ஜாவேத் அக்தர் அதற்காக முன்னின்று போராடினார். அந்தத் திருத்தம் ஜூன் 21, 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் சாரத்தைச் சொல்கிறேன். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் உரிமையைத் தயாரிப்பாளருக்கோ ஆடியோ நிறுவனத்துக்கோ எழுதிக்கொடுக்கலாம். ஆனால் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை எழுதிக்கொடுக்க முடியாது. சட்டப்படியான வாரிசுக்கோ ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதைக் கொடுக்கலாம். திரையரங்கில் படத்தோடு சேர்த்து ஓடும்போது மட்டும் இந்தப் பங்கு கிடையாது. வானொலி, தொலைக்காட்சி, ஸ்ட்ரீமிங், ஓட்டல், மேடை என்று வேறு எங்கே பயன்பட்டாலும் பங்கு உண்டு. "எல்லா உரிமையையும் நிரந்தரமாக விட்டுக்கொடுக்கிறேன்" என்று மிரட்டி எழுதி வாங்கினாலும் இந்தப் பகுதி செல்லாது. ஒப்பந்தம் எழுதிய நாளில் வழக்கத்தில் இல்லாத புதிய ஊடகத்துக்கு, அதன் பெயரைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் ஒழிய, அந்த ஒப்பந்தம் பொருந்தாது என்றும் திருத்தம் சொல்கிறது. செல்லம்மா பாரதி காலத்தில் இப்படி ஒரு வரி சட்டத்தில் இருந்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கும்.

சட்டம் வந்தும் வாதம் ஓயவில்லை. பழைய ஒப்பந்தங்களின் நிலை பற்றிய வழக்குகள் இன்னும் நடக்கின்றன. பண்பலை வானொலிகள் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி தர வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது 2023-ல்தான், திருத்தம் வந்து பதினோரு ஆண்டு கழித்து.

இளையராஜா அவர்களின் நோட்டீஸ்களைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். 2017-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் வெளிநாட்டு மேடைகளில் பாடியபோதும், 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' படப் பாட்டு ஒலித்தபோதும் அவர் நோட்டீஸ் அனுப்பினார். ஒவ்வொரு முறையும் தெருவிலும் தொலைக்காட்சியிலும் ஒரே கேள்வி: "அன்றைக்கே சம்பளம் வாங்கிவிட்டாரே, இப்போது என்ன?" எந்தப் பாட்டின் எந்த உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை அந்தந்த ஒப்பந்தத்தை வைத்து நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஒவ்வொரு வழக்கிலும் அவர் வெல்லத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்பதே பேராசை என்ற பேச்சை நான் முழுமனதோடு மறுக்கிறேன். வாடகைக்கு விட்ட வீட்டின் உரிமையாளர் மாதாமாதம் வாடகை கேட்டால் நாம் யாரும் சிரிப்பதில்லை. கலைஞர் கேட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

நம் மாதச் சந்தா எங்கே போகிறது?

இப்போது ஸ்ட்ரீமிங்குக்கு வருவோம். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. ஜியோசாவன், யூட்யூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக் என்று வேறு செயலிகளும் நம் கைபேசிகளில் இருக்கின்றன. மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய் கட்டுகிறோம், அல்லது விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டு இலவசமாகக் கேட்கிறோம். கட்டும் பணம் நாம் கேட்ட கலைஞர்களுக்குப் போகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான செயலிகளில் அப்படிப் போவதில்லை.

ஒரு நாட்டில் ஒரு மாதம் வந்த சந்தாவும் விளம்பர வருவாயும் ஒரே தொகுப்பாகச் சேர்க்கப்படுகின்றன. செயலி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அந்தத் தொகுப்பு, மொத்தக் கேட்பில் ஒவ்வொரு பாட்டும் எத்தனை விழுக்காடு என்று பார்த்துப் பிரிக்கப்படுகிறது. மாதம் முழுக்க ஓர் ஓதுவாரின் தேவாரத்தை மட்டும் கேட்கும் அம்மா ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் கட்டிய சந்தாவின் பெரும்பகுதி, அவர் கேட்டே இராத அந்த மாதத்துப் பெரிய ஹிட் பாட்டுகளுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகும் பங்கீடு உண்டு. ஒலிப்பதிவுக்கான பங்கு தனி, பாட்டு வரிக்கும் மெட்டுக்குமான பங்கு தனி. ஒலிப்பதிவின் பங்குதான் பெரியது. அது லேபிளுக்கு, அதாவது ஆடியோ நிறுவனத்துக்கு, வருகிறது. லேபிள் தன் ஒப்பந்தப்படி எடுத்தது போக மிச்சம்தான் கலைஞருக்கு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அந்தத் தொகையும் கிடையாது.

இதை மாற்ற முடியாதா? முடியும். சவுண்ட்கிளவுட் 2021-ல், தனிக் கலைஞர்களுக்கு அவரவர் ரசிகரின் பணம் அவரவரையே சேரும் முறையைத் தொடங்கியது. டீசர் என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனம் 2023-ல் தன் பங்கீட்டு முறையைத் திருத்தியது. பேண்ட்கேம்ப் தளத்தில் ரசிகர் நேரடியாகக் கலைஞரிடம் வாங்குகிறார். இணையவழிப் பாட்டு விற்பனையில் தளம் 15 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. இசை ஸ்ட்ரீமிங்கின் பொருளாதாரத்தை ஆராய்ந்த பிரிட்டன் நாடாளுமன்றக் குழு, அதை அடியோடு சீரமைக்க வேண்டும் என்று 2021-ல் அறிக்கை கொடுத்தது. ஆகவே இன்றைய பங்கீடு இயற்கை விதி இல்லை. மனிதர் எழுதிய ஒப்பந்தம். மனிதரால் திருத்தி எழுத முடியும்.

ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் எழுதிய தொடர்களை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை ஓடிடி நிறுவனங்கள் சொல்லாமல் வைத்திருந்தன. போராட்டத்தின் முடிவில், எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்ற கணக்கை எழுத்தாளர் சங்கத்திடம் கொடுக்க நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. வெற்றி பெற்ற தொடருக்குக் கூடுதல் தொகையும் ஏற்பாடாயிற்று. ஊதியத்துக்கான போராட்டத்தின் நடுவில் கணக்குக்கான போராட்டம் இருந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

பெயர் இல்லாதவருக்குப் பங்கு இல்லை

ஒரு திரைப்பாட்டைச் செயலியில் திறந்தால் இசையமைப்பாளர் பெயர் வரும், பாடகர் பெயர் வரும். பாடலாசிரியர் பெயரைப் பல நேரம் தேட வேண்டியிருக்கும். நாகஸ்வரம் வாசித்தவர், பறை அடித்தவர், கோரஸ் பாடிய பெண்கள், முதலில் டிராக் பாடிக் கொடுத்தவர் ஆகியோர் பெயர்கள் அநேகமாக இருக்காது.

இது மரியாதைக் குறைவோடு முடியும் விஷயமாக இருந்தால்கூட வருந்த வேண்டியதுதான். அதற்கு மேலும் உண்டு. நிகழ்த்துநர் யார் என்று வரையறுக்கும்போது நம் சட்டம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. திரைப்படத்தில் தற்செயலாகவோ சிறிதளவோ பங்கேற்று, தொழில் வழக்கப்படி டைட்டிலில் எங்கும் பெயர் போடப்படாதவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார். அவருக்கு எஞ்சுவது, தம் கலையைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை மட்டுமே. பெயரை விட்டுவிடுகிற பழக்கம் பங்கையும் விட்டுவிடுவதற்கு வழி திறக்கிறது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்து-எண் கொண்ட உலகக் குறியீடு ஒன்று உண்டு. அதோடு இணைத்துப் பதியப்படும் பெயர்ப் பட்டியல்தான் மெட்டாடேட்டா. பணம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நடக்கிறது. அதில் பெயர் தப்பாக இருந்தால் பணம் தப்பான இடத்துக்குப் போகும். பெயரே இல்லை என்றால் எங்கும் போகாமல் நிற்கும்.

'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாட்டு 2021-ல் வந்தது. எழுதியவரின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்தும் நிலமற்ற உழைப்பாளர் நினைவிலிருந்தும் கிளம்பிய அந்தப் பாட்டு உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. யாருக்கு எவ்வளவு பெயர் என்ற சர்ச்சை முதலில் வந்தது. பிறகு 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தங்களுக்கு இதுவரை வருவாய் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் தன் தரப்பை வேறுவிதமாகச் சொன்னது. யார் சொல்வது சரி என்று நானோ நீங்களோ தீர்ப்புச் சொல்ல முடியாது, கணக்கு பொதுவில் இல்லை. இவ்வளவு புகழ்பெற்ற கலைஞர்களின் நிலையே இது. கிராமத்தில் ஒப்பாரி பாடும் மூதாட்டியின் நிலையை என்னவென்று சொல்வது? கைபேசியோடு வந்து பதிவு செய்துகொண்டு போகிறவரின் யூட்யூப் சேனல், பங்குதாரர் திட்டத்தில் சேர்ந்திருந்தால், விளம்பர வருவாயில் 55 விழுக்காடு பெறுகிறது. மூதாட்டிக்குப் பல இடங்களில் டீச்செலவு கிடைக்கும்.

நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை, ஆகவே அது எல்லாருக்கும் பொது என்பார்கள். பாட்டு பொதுவாக இருக்கலாம். அந்தக் குரலில், அந்த நாளில், அவர் பாடிய நிகழ்த்துதல் அவருடையது. நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு நீடிக்கிறது. அதைப் பதிவு செய்யவும் வணிகமாக்கவும் அவர் சம்மதம் வேண்டும். இந்த ஒரு செய்தியை நம் ஊர்க் கலைஞர்களிடம் கொண்டு சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எழுத்தாளர் வாய்ப்பேச்சில் இழப்பது

தமிழ்ப் பதிப்புலகம் நெடுங்காலம் நம்பிக்கையின் பேரில் நடந்த உலகம். "நீங்கள் போடுங்கள், கணக்குப் பிறகு பார்க்கலாம்" என்ற ஒரு வரியில் எத்தனையோ நல்ல நூல்கள் வந்திருக்கின்றன. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: உரிமை மாற்றம் எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்த நூல், எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாட்டுக்கு, ராயல்டி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆண்டு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது திரும்பிவிடும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, வலைத்தொடர் ஆகியவை தனித்தனி உரிமைகள். அச்சுக்குக் கொடுத்ததால் அவை எல்லாம் போய்விட்டதாக எண்ணிக்கொண்டு இருக்கும் எழுத்தாளர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

மறுபக்கம் திருட்டு. ஒரு நாவல் வெளியாகிச் சில வாரங்களில் அதன் பிடிஎஃப் டெலிகிராம் குழுக்களில் வந்துவிடுகிறது. ஒரு பயிற்சி ஆசிரியரின் பாடங்கள் இப்படிப் பரப்பப்பட்ட வழக்கில், பரப்பியவர்களின் விவரத்தை டெலிகிராம் கொடுத்தாக வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் ஆணையிட்டது. சட்டம் எட்டாத இடம் அது என்ற எண்ணம் உடைந்தது. ஆனாலும் சில நூறு படிகளே விற்கும் தமிழ் நூலின் ஆசிரியர் தில்லிக்குப் போய் வழக்காட முடியாது. அவரைக் காக்க வேண்டியவர் வாசகர். "பிடிஎஃப் இருக்கா?" என்று கேட்பதை நிறுத்துவது நாளைக்கே நம்மால் முடிந்த காரியம். வாங்க வசதியில்லாதவருக்கு நூலகம் இருக்கிறது. நூலகத்துக்கு நூல் வாங்க அரசை வற்புறுத்துவது இன்னும் நல்ல வழி.

எந்திரம் கற்றுக்கொள்ளும் காலம்

செயற்கை நுண்ணறிவு இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறது. இந்த எந்திரங்கள் மனிதர் எழுதியதையும் பாடியதையும் கொண்டே கற்கின்றன. திருட்டு நூல் தொகுப்புகளிலிருந்து புத்தகங்களை எடுத்ததற்காக அமெரிக்க எழுத்தாளர்கள் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2025-ல் 150 கோடி டாலருக்கு அது சமரசமாயிற்று. நூல் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். முறையாக வாங்கிய நூலில் கற்பது அமெரிக்கச் சட்டப்படி ஏற்கத்தக்கது என்றும், திருட்டுப் படிகளைச் சேர்த்துவைத்தது அப்படி ஆகாது என்றும் அந்த நீதிமன்றம் பிரித்துச் சொல்லியிருந்தது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிவான நூல்களுக்கே அந்தச் சமரசத்தில் இடம். பதிவில்லாதவரின் புத்தகத்தை எந்திரம் படித்திருக்கலாம். பணம் அவரைத் தேடி வராது.

குரலுக்கும் இதே நிலை. 2024-ல் வந்த 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, அவர்களுக்கு உரிய தொகையும் கொடுத்ததாக அறிவித்தார். கேட்டுச் செய்ய முடியும், கொடுத்துச் செய்ய முடியும் என்பதை அது காட்டியது. அதே ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றம், அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி நகலெடுக்கும் கருவிகளுக்குத் தடை விதித்தது. அனுமதி, பெயர், பங்கு என்ற மூன்றையும் எந்திரத்தின் மீதும் விதியாக்க முடியும்.

செய்ய வேண்டியவை

படைப்பாளிகள் செய்ய வேண்டியதிலிருந்து தொடங்குகிறேன். 1847-ல் பாரிஸ் நகரத்தில் எர்னஸ்ட் பூர்ழே என்ற பாடலாசிரியர் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்திருந்தார். அவர் பாட்டை அங்கே பாடிக்கொண்டிருந்தார்கள். குடித்ததற்குப் பணம் கேட்டபோது, என் பாட்டுக்கு நீங்கள் காசு கொடுக்காதபோது உங்கள் பானத்துக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று மறுத்தார். வழக்கு நடந்தது, அவர் வென்றார். அதன் தொடர்ச்சியாக 1851-ல் சாசெம் என்ற வசூல் சங்கம் பிறந்தது. தனி மனிதராக வென்றதை அவர்கள் சங்கமாக ஆக்கிக்கொண்டார்கள் என்பதே அந்தக் கதையின் உயிர். நம்மிடமும் ஐ.பி.ஆர்.எஸ் இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின் 2017-ல் அது மீண்டும் பதிவு பெற்றது. பதிப்புரிமைச் சங்கத்தின் ஆட்சிக் குழுவில் படைப்பாளிகளும் உரிமை வாங்கியவர்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். பாடகர்களுக்கென்று 2013-ல் ஒரு சங்கம் பதிவானது. பாட்டெழுதும் ஒவ்வொரு இளைஞரும் முதல் பாட்டு வெளியாகும்போதே சங்கத்தில் சேர்ந்து, பாட்டைப் பதிந்து வைக்க வேண்டும்.

அரசிடம் நான் கேட்பவை மூன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் கொண்டுவந்த வழிகாட்டு நெறியில், படைப்பாளிக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. தகுந்த, விகிதமான ஊதியம் வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதே கட்டாயத்தை நம் சட்டத்திலும் எழுத வேண்டும். இரண்டாவது, செயலியில் வெளியாகும் ஒவ்வொரு பாட்டிலும் பாடலாசிரியர் முதல் பக்கவாத்தியம் வரை எல்லாப் பெயரும் இருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். மூன்றாவது, தமிழ்நாட்டு அரசின் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் இயல் இசை நாடக மன்றமும் உறுப்பினர்களின் பதிவுகளைச் சட்டப்படி பதிந்து கொடுக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். அரசு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி வாரிசுகளுக்குத் தொகை கொடுத்திருக்கிறது. மறைந்தவர்களுக்குச் செய்யும் அந்த மரியாதை, வாழ்கிறவர்களுக்கும் வர வேண்டும்.

நிறுவனங்களிடம் கேட்பது எளிது. உங்களிடம் ஒவ்வொரு நொடியின் கேட்பும் பதிவாகியிருக்கிறது. எந்த ஊரில், எந்தக் கருவியில், எத்தனை விநாடி கேட்டார்கள் என்பதை விளம்பரதாரருக்குச் சொல்கிறீர்கள். அதைப் படைத்தவருக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக, இந்த அவையில் உள்ள நம்மிடம். நம் இலக்கிய மேடைகளில் பொன்னாடை போர்த்துகிறோம், நினைவுப் பரிசு கொடுக்கிறோம், கைதட்டுகிறோம். மேடை அமைத்தவருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் சாப்பாடு போட்டவருக்கும் பணம் கொடுக்கிறோம். பாடியவரிடமும் பேசியவரிடமும் மட்டும் அன்பை எதிர்பார்க்கிறோம். இந்தப் பழக்கத்தை மாற்ற எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. ஒரு பாட்டைப் பகிரும்போது எழுதியவர் பெயரையும் சேர்த்துப் பகிருங்கள். ஒரு நூலைப் பிடித்திருந்தால் ஒரு படி வாங்குங்கள். உங்கள் விழாவுக்குக் கலைஞரை அழைக்கும்போது ஊதியத்தை முதலிலேயே சொல்லுங்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் இளம் படைப்பாளிகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கணக்குக் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள், கேட்பவரை யாரும் ஏளனம் செய்ய விடாதீர்கள். அது உங்கள் உழைப்பின் கணக்கு.